நாயை வதைத்தவர் பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்?

வாசகர் கேள்வி, நவம்பர் 1, 2025

"அமெரிக்காவில் விலங்குகளைக் கொடுமைப்படுத்தித் தண்டனை வாங்கியவர்களின் பெயர், படம், ஊர் எல்லாவற்றையும் அரசாங்கமே இணையத்தில் போட்டுவிடுகிறது. இங்கேயும் அப்படி ஒரு பொதுப் பட்டியல் வந்தால் பாதிக் கொடுமை நின்றுவிடும். பெங்களூரிலிருந்தே தொடங்கலாம். யாராவது எதிர்த்தால் காரணம் சொல்லுங்கள்."

நவம்பர் 1, இரவு

நான் எதிர்க்கவில்லை. பட்டியல் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பாதிக் கொடுமை நின்றுவிடும் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலில் அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அங்கே நாடு முழுக்க ஒரே பட்டியல் ஓடுகிற மாதிரிதான் பேசுகிறோம். அப்படி ஒன்று கிடையாது.

நியூயார்க் மாநிலத்தில் சஃபோக் என்ற கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) 2010ல் சட்டம் போட்டது, அதுதான் முதல். தண்டனை வாங்கியவர் தானே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும், ஆண்டுக்கு 50 டாலர் கட்டணமும் அவர் கையிலிருந்துதான். மாநில அளவில் முதலில் வந்தது டென்னசி, 2016 ஜனவரி 1 முதல். மாநிலப் புலனாய்வுத் துறை படத்தோடு போடுகிறது, முதல் தடவைக்கு 2 ஆண்டு, மறுபடி மாட்டினால் 5 ஆண்டு, அப்புறம் பெயரை எடுத்துவிடுவார்கள். அதுவும் நாய், பூனை மாதிரி வளர்ப்புப் பிராணிகளுக்குச் செய்த பெரிய கொடுமைகளுக்குத்தான், ஆடு மாடு அதில் வராது. தொடங்கிய ஆண்டுகளில் மிகக் குறைவான பெயர்கள்தான் ஏறின. ஃபுளோரிடாவில் இந்த ஆண்டு ஒரு சட்டம் வந்திருக்கிறது. காப்பகத்திலிருந்து தத்துப் போன சில நாளில் கொல்லப்பட்ட டெக்ஸ்டர் என்ற நாயின் பெயரில் வந்த சட்டம் அது, 2026 ஜனவரி 1க்குள் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி ஒரு பட்டியல் போடச் சொல்கிறது.

நியூயார்க் நகரம் மட்டும் வேறு மாதிரி செய்தது. 2014ல் வந்த சட்டப்படி பட்டியல் உண்டு, ஊரார் பார்க்க முடியாது, காப்பகங்களும் பிராணிகள் விற்கும் கடைகளும் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், காலையில் நாய்க்குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் கேம்ப் இருக்கிறது.

நவம்பர் 2, மாலை

கேம்ப் முடிந்து இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். பெங்களூரில் அடாப்ஷன் கேம்ப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கடை வாசலிலோ பார்க் ஓரத்திலோ மேஜை போடுவோம். குட்டி கேட்டு வருகிறவர்களிடம் ஒரு ஃபாரம் கொடுப்போம். ஆதார் நகல், வாடகை வீடு என்றால் ஓனர் சம்மதம், வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுவதாக ஒரு கையெழுத்து. பிறகு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இதற்கு நடுவில் வெளியே சொல்லாத ஒரு வேலையும் நடக்கும். வந்தவரின் பெயரையும் செல் நம்பரையும் வாட்ஸாப் குழுக்களில் போட்டு "இவரைத் தெரியுமா?" என்று கேட்போம். குழுவுக்குக் குழு ஒரு கூகுள் ஷீட்டும் சுற்றுகிறது, பிளாக்லிஸ்ட் என்றே பெயர். ஆக, பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. யார் எழுதியது, எதை வைத்து எழுதியது, உண்மையா பொய்யா என்று எதுவும் தெரியாத பட்டியலாக இருக்கிறது. ஒரு வரியில் "நாயை அடிப்பான்" என்று இருக்கும். அடுத்த வரியில் "குட்டியைத் திருப்பிக் கொடுத்தார், அப்புறம் போன் எடுக்கவில்லை" என்று இருக்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கலர்.

போன வருஷம் அல்சூரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவருக்கு நம் ஊரில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும் பெயர், முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். ஷீட்டில் அதே பெயர் இருந்தது, குறிப்பு பயங்கரமாக இருந்தது. மேஜையில் இருந்த பெண் காரணம் எதுவும் சொல்லாமல் "உங்களுக்குக் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஷீட்டில் இருந்தவர் வேறு ஆள், வேறு ஏரியா, வேறு நம்பர் என்று பிறகு தெரிந்தது. யாரும் போன் செய்து மன்னிப்புக் கேட்கவில்லை, ஷீட்டையும் திருத்தவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கோர்ட்டில் நிரூபணமான விஷயம் மட்டும் ஏறுகிற, யாராவது ஒரு அதிகாரி பொறுப்பேற்கிற பட்டியல் வேண்டும். இப்போது இருக்கிற இருட்டுப் பட்டியலை விட அது எல்லோருக்கும் நல்லது, பெயர் ஏறுகிறவருக்கும் சேர்த்துத்தான்.

நவம்பர் 4

ஓசூர் நண்பர் கேட்டிருக்கிறார்: "அப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால், உங்களுக்குத் தெரிந்து எந்த நாயாவது தப்பித்திருக்குமா?"

இதைப் படித்ததிலிருந்து ஒரே ஒரு நாயைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்மனஹள்ளியில் ஒரு சொந்த வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரவுன் கலர் பெண் நாய் கட்டிக் கிடக்கும். குட்டியாக இருந்தபோது கழுத்தில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள், நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. நாங்கள் பார்த்தபோது கயிறு கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் சதை வீங்கி மேலே மூடியிருந்தது, நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து மஞ்சளாக நீர் வடிந்துகொண்டிருந்தது, ஈ மொய்த்தது. மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, சலைன் ஊற்றி ஊற்றி ஊறவைத்து, கத்தரிக்கோல் நுனியால் அந்தக் கயிற்றை இழை இழையாக எடுத்தார் டாக்டர். நாற்றம் தாங்காமல் உதவியாளர் ஜன்னலைத் திறந்தார். மயக்கம் தெளிந்ததும் அந்த நாய் முதலில் செய்தது கழுத்தைச் சொறிந்துகொள்ளப் பின்னங்காலைத் தூக்கியதுதான். அத்தனை நாளாக அந்த இடம் அதற்கு அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் எங்களிடம் சொன்னது: "நாய் என்னுது. என் வீட்டு விஷயம்." நல்ல வேலையில் இருப்பவர், வீட்டு வாசலில் இரண்டு வண்டி நிற்கும்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத வகைக் குற்றம் என்று என்.சி.ஆர். ஒன்று, அதாவது எஃப்.ஐ.ஆர். இல்லாமல் புகாரைப் பதிந்துகொண்டதற்கான சீட்டு, போட்டுக் கொடுத்தார்கள். அந்த வகையில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாது. உத்தரவு வாங்க அலைந்தோம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்கு தொடர வேண்டும், அந்தக் கெடு முடிந்துபோனது. அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து ஒயிட்ஃபீல்டு பக்கம் வேறொரு குழு நடத்திய கேம்பில் அதே வீட்டுக்கு ஒரு குட்டி போயிருக்கிறது, மனைவி பெயரில்.

அதனால் நண்பருக்கு என் பதில், அந்த இரண்டாவது குட்டி தப்பித்திருக்காது. அந்த ஆளுக்குத் தண்டனையே கிடைக்கவில்லை, எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்க மாட்டார். ஏறியிருந்தாலும் ஃபாரத்தில் இருந்தது வேறு பெயர்.

நவம்பர் 4, இரவு

பல பேர் கேட்டுவிட்டீர்கள். பிரவுன் நாய் நன்றாக இருக்கிறாள். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வளையம் மட்டும் இருக்கிறது. பட்டை போடுவதில்லை, மார்புக்குப் போடும் ஹார்னஸ்தான். இரண்டாவது குட்டியைப் பற்றி எனக்கு நல்ல செய்தி இல்லை, அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமும் இல்லை.

நவம்பர் 6

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1952ல் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் அங்கே மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அதிலிருந்து வந்ததுதான் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962ல் அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியம் அமைந்தது, 2018 வரைக்கும் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அடிப்பது, உதைப்பது, பட்டினி போடுவது, குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவது எல்லாம் குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25லிருந்து 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 65 ஆண்டுக்கு முன்னால் எழுதிய தொகை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அபராதத்தைக் கூட்டும் ஒரு வரைவு மசோதாவை 2022ல் மத்திய அரசு கருத்துக் கேட்டு வெளியிட்டது, சட்டமாகவில்லை.

50 ரூபாயைப் பற்றி எல்லோரும் கோபப்படுகிறோம், எனக்கும் கோபம்தான். ஆனால் "3 ஆண்டுக்குள் மறுபடி" என்ற வார்த்தைகளை இன்னொரு தடவை படியுங்கள். சிறை என்ற பேச்சே அங்கேதான் வருகிறது. மறுபடி என்று கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? ஒருவர் சிவாஜிநகர் ஏரியாவில் 50 ரூபாய் கட்டிவிட்டு வந்து, அடுத்த வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டியில் அதே காரியத்தைச் செய்தால், அங்கே இருக்கிற எஸ்.ஐ.க்குப் பழைய வழக்கு தெரிய வழியில்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு முதல் தடவைதான். பட்டியல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. ஊரார் பார்ப்பதற்கு முன்னால் கோர்ட் பார்க்க வேண்டும்.

நவம்பர் 6, சற்று நேரம் கழித்து

"50 ரூபாய்க் கதையெல்லாம் பழசு, இப்போது 5 ஆண்டு" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐ.பி.சி.) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது, உபயோகமற்றதாக்குவது இவற்றுக்கு 5 ஆண்டு வரை. பழைய ஐ.பி.சி.யில் 428ஆம் பிரிவில் வழக்குப் போடப் பிராணியின் மதிப்பு குறைந்தது 10 ரூபாய், 429ஆம் பிரிவுக்கு 50 ரூபாய் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள், தெருநாய்க்கு என்ன விலை என்று வக்கீல் கேட்பார். அந்தக் கணக்குப் போய்விட்டது, நல்ல மாற்றம். போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆனால் கழுத்தில் கயிறு புதைந்த நாயையும், வெயிலில் தண்ணீர் இல்லாமல் பால்கனியில் கிடக்கிற நாயையும் 325க்குள் கொண்டுவருவது சுலபமில்லை, அவை எல்லாம் இன்னமும் 50 ரூபாய்க் குற்றம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐ.பி.சி.யின் 377ஆம் பிரிவு போனபோது விலங்குகள் மீதான பாலியல் வன்கொடுமைக்கென்று இருந்த பிரிவும் சேர்ந்து போய்விட்டது, புதிய சட்டத்தில் அதற்கு மாற்று வைக்கவில்லை. இதைப் பற்றி யாருமே பேசாதது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நவம்பர் 8

நேற்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்ததும் இங்கே பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்துப் போய், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்கிற உத்தரவு. எனக்கு அதில் நிறையச் சொல்ல இருக்கிறது. கடிபட்ட குழந்தையின் அம்மாவுக்கும் சொல்ல இருக்கும், அவர் கோபத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அது தனிப் பேச்சு. ஒன்று மட்டும் இங்கே பொருந்தும்: இந்த மாதிரி உத்தரவு வந்த வாரங்களில் "இனி யாரும் கேட்க மாட்டார்கள்" என்று கல்லையும் கட்டையையும் எடுக்கிறவர்கள் உண்டு. அந்த உத்தரவு யாருக்கும் நாயை அடிக்க உரிமை கொடுக்கவில்லை. உங்கள் தெருவில் அப்படி நடந்தால் உடனே எழுதி வையுங்கள், தேதியோடு.

ஜல்லிக்கட்டை இழுத்த தம்பிக்கு: வேண்டாம் தம்பி, அதைத் தொட்டால் பொங்கல் வரைக்கும் அதிலேயே நிற்போம்.

நவம்பர் 9

பொதுப் பட்டியல் வேண்டும் என்பவர்களின் வாதத்தில் எனக்கு மறுக்க முடியாத ஒன்று இருக்கிறது, அது பயம். 2016ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் மொட்டை மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி வீச, இன்னொருவர் வீடியோ எடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வீடியோ பரவியிருக்காவிட்டால் அந்த வழக்கே இல்லை. அந்த நாய் காயத்தோடு பிழைத்தது, பத்ரா என்று பெயர் வைத்தார்கள். ஊர் பார்க்கிறது என்ற பயம் வேலை செய்யும் என்பதற்கு அது ஒரு சாட்சி. சரி.

ஆனால் பட்டியலில் யார் பெயர் ஏறும் என்று யோசிக்க ஆரம்பித்ததும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நான் பார்த்தவரை ஸ்டேஷனில் சுலபமாக வழக்கு விழுவது வண்டிமாடு வைத்திருப்பவர் மேல், கோழி லோடு ஏற்றிய டெம்போ டிரைவர் மேல், குதிரை வண்டிக்காரர் மேல். பெரிய அபார்ட்மென்டில் ராத்திரியோடு ராத்திரியாக விஷ பிஸ்கெட் வைத்தால், மாட்டுகிறவர் செக்யூரிட்டியாக இருப்பார், வைக்கச் சொன்னவர் கமிட்டி மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். படத்தோடு பட்டியல் போட்டால் செக்யூரிட்டியின் படம்தான் வரும். அவருக்கு அடுத்த வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சும்மா விடாது. அவர் செய்தது தப்புதான். ஆனால் தப்பின் முழு விலையையும் கீழே இருப்பவர் மட்டும் கட்டுகிற ஏற்பாட்டை என்னால் கொண்டாட முடியாது.

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள். லிங்கராஜபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி, தனியாக இருந்தவர், அடிபட்ட பூனைகளை எடுத்து எடுத்து வீடு நிறைய வைத்துக்கொண்டார். பிறகு முடியாமல் போனது. நாங்கள் கதவைத் திறந்தபோது இருந்த நிலையைச் சட்டம் என்ன பெயரில் சொல்லும்? கொடுமை என்றுதான் சொல்லும், பூனைகளுக்கு அது கொடுமைதான். ஆனால் அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டது ஒரு டாக்டரும் வாரம் ஒரு முறை வந்து பார்க்கிற ஒரு ஆளும். அமெரிக்காவிலேயே ஏ.எஸ்.பி.சி.ஏ. போன்ற பழைய விலங்கு நல அமைப்புகள் இந்தப் பட்டியல்களில் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. பட்டியலில் ஏறும் ஆட்கள் கொஞ்சம், செலவு அதிகம், அதைவிடத் தண்டனை பெற்றவர் விலங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கோர்ட்டே தடை போடுவது நல்லது என்கிறார்கள். இதைப் படித்தபோது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டியை நினைத்த பிறகு புரிகிறது.

நவம்பர் 12

வக்கீலாக இருக்கும் என் சித்தி மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் சொன்ன ஒன்று நான் யோசிக்காதது. இப்போது 50 ரூபாய் வழக்கில் மாட்டுகிறவர் என்ன செய்கிறார்? குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு அன்றைக்கே போய்விடுகிறார். அது தண்டனைக் கணக்கில் வரும், பதிவும் இருக்கும். நாளைக்கே படம் இணையத்தில் வரும் என்று தெரிந்தால் எவர் ஒப்புக்கொள்வார்? வசதி இருப்பவர் பெரிய வக்கீல் வைப்பார், வாய்தா வாங்குவார், சாட்சி சொல்ல வேண்டிய, தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுகிற ஃபீடர் பெண் நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து ஓய்ந்துபோவாள். பொதுப் பட்டியல் வந்தால் தண்டனைகளே குறையலாம் என்கிறாள். எனக்கு அவளோடு சண்டை போட ஆசை, பதில்தான் கிடைக்கவில்லை.

அல்சூர் தம்பதியின் விஷயத்தை அவளிடமும் சொன்னேன். "ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாமே, அது ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது" என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தாரே, அதற்கும் சேர்த்துப் பதில். தேடலாம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கோர்ட் வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டைப் போட்டு, பெயரை அடித்தால் வரும். நம் பெயரை அடித்துப் பாருங்கள், உங்கள் பெயரில் எத்தனை பேர் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் ஒரு கோர்ட்டில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், கன்னடத்தில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்து மாறும். தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி இல்லாமல் வெறும் பெயரை வைத்துச் செய்கிற எந்தப் பட்டியலும் பெங்களூர்த் தமிழனுக்கு ஆபத்துதான்.

நவம்பர் 15

இத்தனை பேச்சுக்குப் பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

1960 சட்டத்தின் 29ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? தண்டனை பெற்ற உரிமையாளரிடமிருந்து விலங்கைப் பறிமுதல் செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதோடு, அந்த ஆள் குறிப்பிட்ட காலத்துக்கோ வாழ்நாள் முழுக்கவோ எந்த விலங்கையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவு போடலாம். பிரிட்டனில் 2006 சட்டப்படி கொடுக்கும் தடையைப் பற்றி நாம் பெருமூச்சு விடுகிறோம், அதே மாதிரி அதிகாரம் நம் சட்டத்தில் அதற்கு முன்பே இருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. முந்தைய தண்டனையோ, அந்த ஆளின் நடத்தையோ, இந்த விலங்கை நடத்திய விதமோ காட்டி, இவரிடம் விலங்கு இருந்தால் மறுபடி வதைபடும் என்று நிரூபிக்க வேண்டும். இந்தத் தடையைக் கேட்கப் போகிறோம் என்று புகாரிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வகை விலங்கை வளர்க்க உரிமம் கட்டாயமான பகுதியில் குற்றம் நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். புகார் எழுதும்போதே கேட்காவிட்டால் பின்னால் கேட்க முடியாது. நான் பார்த்த புகார்களில் அந்த வரி இருந்ததே இல்லை, கம்மனஹள்ளி நாய்க்காக எங்கள் குழு கொடுத்ததிலும் இல்லை.

நான் கேட்கிற பட்டியல் இப்படி: 29ஆம் பிரிவுத் தடை இருப்பவர்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும். தடைக்காலம் முடிந்ததும் பெயர் தானாகப் போய்விட வேண்டும். படம் ஊருக்குத் தெரிய வேண்டாம். நாய் உரிமம் கொடுக்கிற மாநகராட்சி மேஜை, பதிவு பெற்ற காப்பகம், கடை, குட்டி போட வைத்து விற்கிற பிரீடர் இவர்கள் அடையாள எண்ணைப் போட்டுக் கேட்டால் "தடை உண்டு" அல்லது "இல்லை" என்று மட்டும் பதில் வர வேண்டும். போலீசும் கோர்ட்டும் முழுத் தண்டனை விவரத்தையும் பார்க்க வேண்டும், 11ஆம் பிரிவின் "மறுபடி" உயிரோடு இருக்க அதுதான் வழி. ஊருக்குக் காட்டாத பட்டியல் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் வந்தது, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது, காவல் துறைதான் பார்க்க முடியும்.

மனைவி பெயரில் வாங்கினால்? தடை உத்தரவை வீட்டு முகவரியோடு சேர்த்துப் பதிய வேண்டும், தத்துக் கொடுக்கும் முன் வீட்டைப் பார்க்க (ஹோம் செக்) போகிறவர் அதே வீட்டைப் பார்த்தால் நிறுத்த முடியும். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் மனைவி பெயரில் நாய் வந்ததற்கு அந்த மனைவிக்கு உண்மையில் விருப்பம் இருந்ததா என்றும் நான் பல முறை நினைத்திருக்கிறேன். நாயை வதைக்கிற வீட்டில் மனிதர்களும் அடிவாங்குவது உண்டு. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 2016லிருந்து விலங்குக் கொடுமையைத் தனிக் குற்றமாகப் பதிந்து கணக்கெடுப்பதற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணம்.

நவம்பர் 15, பின்னர்

"இது ரொம்ப மென்மையான பட்டியல், பயமே வராது" என்கிறீர்கள். இருக்கலாம். பயம் வேண்டும் என்றால் 50 ரூபாயை மாற்றுங்கள், 3 மாதக் கெடுவை மாற்றுங்கள், கட்டிப்போட்டுக் கொல்லாமல் கொல்வதையும் போலீஸ் நேரடியாக எடுக்கிற குற்றமாக்குங்கள். இந்த வேலைகளைச் செய்யாமல் நாலு ஏழைகளின் படத்தை இணையத்தில் போட்டுப் பயம் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நவம்பர் 18

கே.ஆர்.புரத்திலிருந்து எழுதிய தங்கைக்கு. எதிர் வீட்டு மாடியில் ஒரு நாய் பகல் முழுக்கக் குட்டைச் சங்கிலியில், தண்ணீர்ப் பாத்திரம் இல்லாமல் என்று எழுதியிருக்கிறாய். முதலில் போய்ப் பேசிப் பார். சில பேர் கேட்பார்கள், நிழலுக்கு ஒரு துணி கட்டினாலே போதும் என்பது தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. கேட்கவில்லை என்றால் உன் வீட்டிலிருந்தே படம் எடு, வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், தேதி தெரியும்படி. அவர் வீட்டுக்குள் போகாதே. படத்தை எந்தக் குழுவிலும் போடாதே, வாசல் நம்பர் தெரிகிற படத்தைக் கண்டிப்பாகப் போடாதே. முடிந்தால் ஒரு கால்நடை மருத்துவரிடம் படங்களைக் காட்டி இரண்டு வரி எழுதி வாங்கு.

புகாரில் 11(1)ன் எஃப், ஜி, ஹெச் உட்பிரிவுகளைக் குறிப்பிடு. எஃப் என்பது குட்டைச் சங்கிலி, ஜி என்பது எப்போதும் கட்டிப்போட்டு நடக்கவே விடாதது, ஹெச் என்பது உணவு, தண்ணீர், நிழல். குற்றம் நடந்த தேதியை எழுது, 3 மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஸ்டேஷனில் என்.சி.ஆர். கொடுத்தால் நகல் வாங்காமல் வராதே, மாஜிஸ்திரேட்டிடம் போக அது வேண்டும். கடைசிப் பத்தியில் இப்படி எழுது: "குற்றம் நிரூபணமானால், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவின் கீழ் இவர் விலங்குகளை வைத்துக்கொள்ளத் தடை விதிக்கும்படி கேட்க உள்ளேன்." கன்னடத்தில் வேண்டும் என்றால் வரைவை எனக்கு அனுப்பு, சனிக்கிழமைக்குள் மாற்றிக் கொடுக்கிறேன். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதே, நான் வருகிறேன்.